முழங்கால் தண்ணீர் வரைக்கும்

கண்மாயில் மீன் பிடிக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: உனக்கு நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள், தெரியும் என்று அவர்களாகவே நினைத்துக்கொள்வார்கள். அந்த வசதியை வைத்து நான் இருபத்திரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். சாரத்தில் ஏறினால் தலை சுற்றும் கொத்தனார், ஊசி குத்தும்போது தானே கண்ணை மூடிக்கொள்ளும் நர்ஸ், இப்படி யாராவது இதைப் படித்தால் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கேஸ்தான்.

என் கொள்கை

என்னுடையது வீச்சு வலை. கயிற்றை இடது மணிக்கட்டில் கட்டி, வலையை முழங்கையில் மடித்துப் போட்டு, ஓரத்தைப் பல்லில் கவ்வி, இடுப்பைச் சுழற்றி வீசினால் வட்டமாக விரிந்து விழும். ஓரம் முழுக்கக் கோத்த ஈயக் குண்டுகள் அதை அடிவரைக்கும் கொண்டுபோய் அமுக்கும். கரையோரம் முழங்கால் தண்ணீரில் நின்றே வேலையை முடித்துவிடலாம். அந்த முழங்கால் தண்ணீருக்காகத்தான் நான் இந்த வலையை எடுத்தேன் என்பது என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

எங்கள் குழுவில் மற்ற நாலு பேரும் கட்டு வலைக்காரர்கள். லாரி டியூப் மேல் பலகை போட்டு உட்கார்ந்து, கையாலேயே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நடுக் கண்மாய்க்குப் போவார்கள். சாயங்காலம் நீளமாக வலையைக் கட்டிவிட்டு, மறுநாள் காலையில் போய் எடுப்பார்கள். அதில் சேது என் வயதுக்காரன், மாப்ள மாப்ள என்றுதான் பேசிக்கொள்வோம். “ஒரு தடவை டியூப்ல வந்து பாரு மாப்ள” என்று அவன் கூப்பிடும்போதெல்லாம் எனக்குள் பயம் ஏறும். அதை மறைக்கப் பெரிதாகப் பேசுவேன். கட்டு வலையில் மீன் செத்துத்தான் வரும், என் வலையில்தான் துள்ளத் துள்ள வரும், செத்த மீனை விற்பது எனக்குப் பிடிக்காது என்பேன். ஒருநாள் இப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, காளவாசலில் மெஸ் நடத்தும் அக்கா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு என் கூடையை எட்டிப் பார்த்தார். எல்லாம் பொடி ஜிலேபிக் கெண்டை. அவர் சொன்னது: “துள்ளுறது சரிண்ணே. ஆனா எல்லாம் வெரல் தண்டிக்குல்ல துள்ளுது? பெரிய மீனெல்லாம் ஒங்களப் பாக்க கரைக்கு வராதோ?”

பிடித்து விடுகிற சார்

ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனிலிருந்து ஒரு சௌராஷ்டிர சார் வருவார். பேங்க் வேலை. கண்மாயை ஏலம் எடுத்து எங்களை வேலைக்கு வைத்திருக்கும் குத்தகைக்காரருக்கு வேண்டியவர் என்பதால் கரையில் உட்கார அனுமதி உண்டு. சக்கரம் வைத்த தூண்டிலோடு நாற்காலி, குடை எல்லாம் கொண்டுவருவார். அவர் வீட்டில் மீன் சமைப்பதில்லை. அதனால் பிடித்த மீனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவார். எங்கள் ஐந்து பேருக்கும் அதைப் பார்க்க வயிறு எரியும்.

ஒருநாள் அவர் தூண்டிலில் பெரிய கட்லா மாட்டியது. மனிதர் இழுக்கவே இல்லை. மீன் இழுக்க இழுக்க நூலை விட்டுக்கொண்டே இருந்தார். அது களைத்ததும் கொஞ்சம் சுற்றினார். மறுபடி விட்டார். “இதென்ன சார், விளையாட்டா?” என்றேன். விடாமல் இழுத்தால் நூல் அறுந்துவிடும் என்றார். அப்படியே என் மணிக்கட்டைப் பார்த்தார். கயிறு அதில் இரட்டை முடிச்சாக இறுகியிருந்தது. எதற்கு இந்தக் கட்டு என்று கேட்டார். உயிரே போனாலும் வலை போகாது சார் என்று வீராப்பாகச் சொன்னேன். உண்மை வேறு. வலை நழுவி ஆழத்துக்குப் போனால் மற்றவர்கள் குதித்து எடுத்துவிடுவார்கள், நான் என்ன செய்வேன்? அந்தப் பயத்தில்தான் முடிச்சுக்கு மேல் முடிச்சு. சார் மீனை விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “எனக்கு நூறு அடி நூல விட்டுக் குடுக்கத் தெரியும்ணே. ஒங்களுக்கு ஒரு முடிச்ச விடத் தெரியாதா?”

தண்ணீரில் கண்டம்

அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்தது. கண்மாய் நிரம்பி, உபரித் தண்ணீர் போகும் கலுங்கு தாண்டி வழிந்தது. ஊரே கரையில் நின்று சந்தோஷப்பட்டது, நான் மட்டும் பீதியில் நின்றேன். கரையோரத்துக் கருவேல மரங்கள் எல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. வீசிய இடமெல்லாம் வலை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டுக் குத்தகைக்காரர், திங்கட்கிழமையிலிருந்து எல்லாரும் டியூப்பில்தான் போக வேண்டும், கரை வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்.

முதலில் காதுவலி என்றேன். பிறகு தலைசுற்றல் என்றேன். எதுவும் எடுபடாமல் போகவே, ஜோசியர் எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று சொல்லியிருப்பதாக ஒரு போடு போட்டேன். பொய்தான், ஆனால் சொல்லும்போது எனக்கே அது உண்மைபோல இருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், இத்தனை வருடம் மறைத்தது நாலு பேர் முன்னால் வெளியாகிவிடும் என்ற பயம் இன்னொரு பக்கம். குத்தகைக்காரர் சிரிக்கக்கூட இல்லை. “தண்ணில கண்டம்னு சொன்ன ஜோசியரு ஒன்னைய மீன் பிடிக்கவா போகச் சொன்னாரு? திங்கக்கெழம டியூப்ல ஏறு. இல்லையா, கப்பலூர்ல வாட்ச்மேன் வேலை இருக்கு போ, அங்க தண்ணி கேன்லதான் வரும்.”

முள் இல்லாத இடம்

திங்கட்கிழமைக்கு முந்தின நாள். வீச்சு வலையிலும் மீன் வரும் என்று காட்டிவிட்டால் என்னைக் கரையிலேயே விட்டுவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. முள் இல்லாத இடமாகத் தேடிக் கரையோரமே நடந்தேன். மலைப்பக்கமாக ஒரு இடம் பளிச்சென்று கிடந்தது. ஒரு கருவேலங்குச்சி இல்லை. ஏன் இல்லை என்று யோசித்திருக்க வேண்டும். கோடையில் யாரோ மெஷினை விட்டு மரத்தை வேரோடு பெயர்த்து மண் அள்ளிப்போன இடம் அது. எனக்குத் தெரிந்ததெல்லாம் முழங்கால் அளவுதான் தண்ணீர் என்பது. வீசினேன். வலை எங்கோ மாட்டியது. விடுவிக்க ஒரு எட்டு வைத்தேன். அங்கே தரையே இல்லை.

தண்ணீருக்குள் கண்ணைத் திறந்தது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஒரே செம்மண் நிறம். மேல் எது, கீழ் எது என்று தெரியவில்லை. வலை அந்தப் பள்ளத்தின் அடியில் மிஞ்சிய ஏதோ வேரில் சிக்கிக்கொண்டு என் இடது கையைக் கீழே பிடித்து வைத்திருந்தது. வலது கையால் முடிச்சைப் பிறாண்டினேன். நனைந்த முடிச்சு இன்னும் இறுகியது. வீரமாக எதையும் நினைக்கவில்லை. வாயில் சேறு போனது, அம்மா என்று கத்தப் பார்த்தேன், இன்னும் சேறு போனது. செத்துவிட்டேன் என்றே முடிவு செய்தேன்.

யாரோ தலைமுடியைப் பிடித்தார்கள். மணிக்கட்டில் சுருக்கென்று ஒரு கீறல். கை விடுபட்டது. சேது கட்டு வலையைப் பார்க்க டியூப்பில் போனவன், நான் வீசுவதைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறான். திடீரென்று ஆளைக் காணோம் என்றதும் திரும்பியிருக்கிறான். கட்டு வலை காலில் சுற்றிக்கொள்ளும் என்பதால் அவர்கள் எல்லாருமே இடுப்பில் ஒரு சின்னக் கத்தி வைத்திருப்பார்கள். அந்தக் கத்திதான் கயிற்றை அறுத்தது. கரையில் என்னைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினான். நான் வாந்தி எடுத்து முடிக்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தான். அப்புறம் அவனும் உட்கார்ந்துவிட்டான். கத்தியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னான்: “நடுக் கம்மாயில இம்புட்டு வருசமா எங்க ஆளுக ஒருத்தனும் சாகல மாப்ள. கரையோரம் நின்னு சாகப் பாத்தவன் நீ ஒருத்தன்தான்.”

கேன்

அன்றைக்கு அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சேது யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று குத்தகைக்காரரிடம் பத்து நாள் லீவு வாங்கினான். தெரிந்தவர் தோட்டத்துப் பம்புசெட் தொட்டிக்குக் கூட்டிப்போய், காலி எண்ணெய்க் கேன் ஒன்றை என் முதுகில் கட்டி உள்ளே இறக்கினான். நாற்பத்தாறு வயதில், தொப்பையும் கேனுமாக இறங்கினேன். தண்ணீர் மூக்கைத் தொட்டதும் அந்தச் செம்மண் நிறம் கண்ணுக்குள் வந்தது. கையைக் காலை அடித்துக்கொண்டு, “விட்றாத மாப்ள, விட்றாத” என்று அலறினேன். பக்கத்துக் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எந்திரிச்சு நில்லுங்கண்ணே, இடுப்பளவுதான் தண்ணி.”

டியூப்

பதினோராம் நாள் டியூப்பில் ஏறினேன். நீச்சல் என்று சொல்ல முடியாது, மூழ்குவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும் அளவுக்குக் கற்றிருந்தேன். இடுப்பில் எனக்கும் ஒரு கத்தி. வீச்சு வலையை விடவில்லை, ஆனால் அதன் கயிறு இப்போது ஒரு இழுப்பில் கழன்றுவிடும் சுருக்கு. பேங்க் சார்தான் போட்டுக் காட்டினார்.

நடுக் கண்மாய் வந்ததும் எனக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் என்ற நினைப்பு வந்துவிட்டது. பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சேது வலையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தான். பிடித்தால் பலகையை விட வேண்டும். விட்டேன். இழுத்தபோது கனமாக இருந்தது. வெள்ளையாக ஒரு கட்லா மேலே வந்தது, ஒரு கையால் தூக்க முடியாத மீன். எனக்கு அழுகை வந்துவிட்டது, பயத்திலா சந்தோஷத்திலா என்று சொல்லத் தெரியவில்லை. சேது தன் டியூப்பிலிருந்தே கத்தினான்: “அழுறத கரையில போயி அழு மாப்ள, வலைய விட்டுறாத, இன்னும் முக்காவாசி கெடக்கு!”

முன்பு எனக்கு வலையும் ஒன்று, பயமும் ஒன்று. இப்போது வலை இரண்டு, பயமும் கரைக்கு ஒன்று, நடுக் கண்மாய்க்கு ஒன்று என்று இரண்டு, ஆனால் தினமும் வீடு வந்து சேர்கிறேன்.