பக்கத்து சீட்டில் அவர் தூங்கியபோது

ஐஸ்லாந்தில் ஒரு கார் எடுத்துக்கொண்டு, எரிமலைகளையும் பனிப்பாறைகளையும் பார்த்தபடி அந்தத் தீவைச் சுற்றி வர வேண்டும் என்பது என் கணவரின் பல வருட ஆசை. மல்லேஸ்வரம் வீட்டில் எங்கள் சாப்பாட்டு மேஜை முழுக்க மேப்தான். எல்லாம் கூடிவந்த நேரத்தில் அவருக்கு வலிப்பு வந்தது. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"கேன்சல் பண்ணிடலாம்" என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"வேண்டாங்க. அடுத்த வருஷம் போவோம். நான் ஓட்டறேன்."

"நீயா?" என்று சிரித்தார். ஸ்கூட்டரைத் தவிர எதையும் ஓட்டாத எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

லைசென்ஸ் வந்தபின் ஞாயிறுதோறும் அவரை உட்காரவைத்து ஓட்டிப் பழகினேன். லாரியைக் கண்டாலே அவர் கால், தன் பக்கம் இல்லாத பிரேக்கைத் தேடி மிதிக்கும். "மெதுவா, மெதுவா!" என்று பதறுவார்.

ஒருநாள் துமகூரு ரோட்டில் பேய்மழை. லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்ந்தேன். வெகுநேரமாக அவரிடமிருந்து ஒரு "மெதுவா"கூட வரவில்லை. மறுபடி வலிப்போ என்று பதறித் திரும்பினால், வாயை லேசாகத் திறந்தபடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். யார் ஓட்டினாலும் காரில் கண்ணை மூடாத மனிதர்! அழுகை முட்டியது. பார்வையை ரோட்டுக்குத் திருப்பி, நிதானமாக ஓட்டினேன்.

வீட்டு வாசலில் விழித்தவர், "அதுக்குள்ள வந்துட்டோமா?" என்றார். பிறகு மெல்ல, "அங்க கார் புக் பண்ணிடு. உன் பேர்லயே" என்றார்.

வரும் கோடையில் கிளம்புகிறோம். என்னைப் பலர் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குறட்டை தந்த தைரியத்தை யார் வார்த்தையும் தந்ததில்லை.