சுவருக்கு அந்தப் பக்கத்துப் போட்டியாளர்

மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்தது இரட்டை வீடு. இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரே சுவர். இடுப்பளவுக்குச் செங்கல், அதற்கு மேல் பலகை. அந்தப் பலகையும் கூரையைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிடும். கட்டியவன் மிச்சம் பிடித்தானோ, காற்று வரட்டும் என்று விட்டானோ, யாருக்குத் தெரியும்! அந்த இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டில் கடுகு வெடிப்பது, தும்முவது, போனில் பேசுவது எல்லாம் எங்களுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டுச் சண்டை சச்சரவு அங்கே போய்விடும். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. இப்போது லுக்குட்டில் கெட்டிச் சுவர் வைத்த வீட்டில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால்கூடக் கேட்காது. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

அந்தப் பழைய சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். சொந்தமெல்லாம் கிடையாது. தோட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரி அத்தையாகாமல் வேறு என்ன ஆவார்? பால்வெட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் மந்தின் டவுனில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தார். ரப்பர் காட்டில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அத்தைக்குக் குரல் கணீரென்றே ஆகிவிட்டது. இரகசியம் பேசினாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

வாரநாட்களில் சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியில் தமிழ்ப் புதிர்ப் போட்டி ஒன்று வரும். சாமிக்கு விளக்கேற்றிவிட்டு நான் இந்தப் பக்கம் உட்காருவேன், அத்தை அந்தப் பக்கம். எங்கள் ஆட்டத்துக்கு ஒரே சட்டம்தான். கேள்வி முடிந்ததும், திரையில் நாலு விடை வருவதற்குள் சுவரைத் தாண்டிக் கேட்கிற மாதிரி கத்திவிட வேண்டும். விடைகளைப் பார்த்த பிறகு சொன்னால் அத்தை ஏற்றுக்கொள்ள மாட்டார். "நாலையும் காட்டிட்டுக் கேட்டா ஆடு மாடுகூடச் சொல்லிடும்லா" என்பார். தோற்றவர் மறுநாள் காலைப் பசியாறைக்கு பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துச் சுட வேண்டும். இட்டிலியோ வெள்ளையப்பமோ, அது தோற்றவரின் இஷ்டம்.

சும்மா சொல்லக்கூடாது, அத்தைக்குத் தெரிந்ததைவிடத் தெரியாததுதான் அதிகம். ஆனால் தெரியாது என்ற வார்த்தை மட்டும் அவர் வாயில் வராது. உலகத்திலேயே நீளமான ஆறு எது என்று கேட்டபோது, "கங்கை!" என்று ஒரு கத்து. இல்லை, வேறு ஆறு என்று டிவியிலேயே காட்டிவிட்டார்கள். அத்தை விடுவாரா? "சிவன் தலையிலேர்ந்து வருதுல்ல, அங்கேர்ந்து அளந்து பாக்கச் சொல்லு" என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து நான் சரியான விடை சொன்னால், "அந்தக் காலத்துப் புத்தகம், அப்பறம் மாத்திட்டாங்க" என்று அதையும் தள்ளுபடி செய்துவிடுவார். அத்தை தோற்றுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் மூடி போட்ட தட்டு என் அடுப்படிச் சன்னலுக்கு வந்துவிடும். நான் கேட்டால், மாவு மிஞ்சிவிட்டது என்பார்.

ஒருநாள் போட்டி தொடங்கியது. முதல் கேள்வி சின்னப் பிள்ளைகளுக்கானது. நான் கத்தினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டிவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் போயிருப்பார் என்று நினைக்கப் பார்த்தேன். ஆனால் டிவியைப் போட்டுவிட்டு வெளியே போகிற ஆள் அத்தை இல்லையே! இரண்டாவது கேள்வி வந்தது. "அத்தே, தூங்கிட்டீங்களா?" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். அத்தை நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தார். வாய் கோணியிருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்றார்கள். உயிர் பிழைத்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மகன் லீவு எடுத்துக்கொண்டு வந்து தோட்டத்து வீட்டிலேயே தங்கி அம்மாவைப் பார்த்துக்கொண்டார். அந்த அண்ணனைக் குறை சொல்லவே முடியாது. குளிப்பாட்டுவதும் கஞ்சி ஊட்டுவதும் அவரேதான். ஆனால் அம்மாவுக்கு நாம் சொல்வது புரிகிறதா என்பது அவருக்குத் தெரியவில்லை. பசிக்கிறதா என்று கேட்டால் அத்தை தலையாட்டுவார். பசிக்கவில்லையா என்று கேட்டாலும் அதே தலையாட்டல். மருத்துவரும் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை. லீவு முடியப் போகிறது, அண்ணனுக்கும் அண்ணிக்கும் பகலெல்லாம் வேலை. "புரிஞ்சிச்சுன்னா மந்தினுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன் தங்கச்சி. பகல்ல கொஞ்ச நேரம் தனியா விடலாம். ஒன்னும் புரியாம தட்டுத் தடுமாறி எழுந்து அடுப்பத் தொறந்து விட்டுட்டா நான் என்னா பண்ணுவேன்?" என்றார். ரெம்பாவ் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பேசி வைத்திருந்தார். அந்த வார முடிவில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

கணீரென்று பேசிய மனுஷியை யாரோ தெரியாத ஆட்கள் நடுவில், பேச்சில்லாமல், படுக்க வைப்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குத் தாங்கவில்லை. அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அத்தைக்குப் புரிகிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோன்றுவதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்த நாட்களில் நான் போட்டியைப் பார்க்கவே இல்லை. மனசு வரவில்லை. ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் டிவியைப் போட்டார், அது தானாக ஓடிக்கொண்டிருந்தது. நான் சுவரோரம் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அறிவிப்பாளர் கேள்வியைக் கேட்டு, நாலு விடைகளையும் படித்தார். அப்போது பலகையில் டொக், டொக், டொக் என்று சத்தம். எலி என்று நினைத்தேன். சரியான விடை மூன்றாவது என்று டிவியில் சொன்னார்கள். அடுத்த கேள்வி. நாலு விடையும் படித்து முடித்ததும் ஒரே ஒரு டொக். கையிலிருந்த துணி கீழே விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அத்தையின் கட்டிலை அந்தச் சுவரை ஒட்டித்தான் போட்டிருந்தார்கள். சத்தம் தொந்தரவாக இருக்கும் என்று அண்ணன் அங்கே டிவியை நிறுத்தி வைத்திருந்தார். என் வீட்டு டிவியைக் கேட்டுக்கொண்டு, நல்லாயிருந்த இடது கையால் அத்தை விளையாடிக்கொண்டிருந்தார்!

ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணன் என்னைப் பாவமாகப் பார்த்தார். "கை சும்மா ஆடும் தங்கச்சி, டாக்டர் சொன்னாரு. நீங்க ஆசைல அப்படி நெனைக்கிறீங்க" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஆசைதான்ணே! நாளைக்கு நீங்களே ஒக்காந்து பாருங்க. அப்பறம் எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவேளை அது வெறும் நடுக்கமாக இருந்தால்? நானே அத்தையை இல்லத்துக்கு அனுப்பி வைத்த மாதிரி ஆகிவிடுமே!

மறுநாள் ஏழு மணிக்கு அத்தையைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தோம். அண்ணன் டிவியைப் போட்டுவிட்டுக் கட்டில் காலடியில் உட்கார்ந்தார். முதல் கேள்வி, நாலு விடை. அத்தையின் கை அசையவே இல்லை. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருந்ததே எனக்குப் போதும் என்றிருந்தது. மாரியாத்தா, காப்பாத்து தாயே என்று வேண்டிக்கொண்டேன். இரண்டாவது கேள்விக்கு நாலு தட்டு. சரியான விடை! நான் துள்ளிவிட்டேன். அண்ணன் மட்டும் மெதுவாக, "நாலுல ஒன்னு. யாரு தட்டுனாலும் ஒரு தடவ சரியா வரும் தங்கச்சி" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

மூன்றாவது கேள்வி: மலேசியாவின் மிகப் பெரிய மாநிலம் எது? ஜொகூர், பகாங், சரவாக், சபா. பள்ளிக்கூடம் போகிற எந்தப் பிள்ளையும் சரவாக் என்று சொல்லிவிடும். அத்தையின் கை எழுந்தது. டொக், டொக். நின்றுவிட்டது. மூன்றாவது தட்டுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. டிவியில் சரவாக் என்று பச்சை விளக்கு எரிந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ம்மா" என்றார். அதுவரை கைக்குழந்தையிடம் பேசுகிற மாதிரி மெல்லப் பேசிக்கொண்டிருந்தவருக்குக் குரல் திடீரென்று ஏறியது. "ம்மா, சரவாக்மா! எத்தன வருஷமாச் சொல்றேன்!" பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது குவாந்தானுக்கு பஸ்ல போனோம் தங்கச்சி. வழி பூரா நான் வாந்தி. பகாங்குன்னு போர்டு வந்ததுலேர்ந்து பொழுது சாயிற வரைக்கும் பஸ்ஸு பகாங்குக்குள்ளயேதான் போச்சாம். அதனால பகாங்குதான் பெருசாம். சரவாக் மாதிரி கடலுக்கு அந்தாண்ட இருக்கறதெல்லாம் கணக்குல சேராதாம். எம் மகனோட புவியியல் பரிட்சைக்குக்கூட இதத்தான் சொல்லிக் குடுத்தாங்க, அவன் தப்பா எழுதிட்டு வந்தான்."

டொக், டொக். இந்தத் தடவை பலகை அதிர்ந்தது.

"பஸ்ஸு கெட்டுப் போயி வழியில நின்னுச்சும்மா! அதான் அவ்ளோ நேரம்!" என்று அண்ணன் கத்தினார். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் தோன்றாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அத்தையின் கை மறுபடியும் எழுந்து மறுபடியும் அதே இரண்டு தட்டுத் தட்டியது. கோணிய வாயில் ஒரு பக்கம் மட்டும் சிரிப்பு.

"பாத்தீங்களா தங்கச்சி, என்னா பிடிவாதம்!" என்றார் அண்ணன். "ம்மா, இந்தக் குணத்தோட மந்தினுக்கு வந்து, ஒம் மருமகள என்னா பாடு படுத்தப் போறியோ!"