பேசிக்கொள்ளாத சாட்சிகள்

சித்தியிடம் கேட்டதையே பெரியம்மாவிடமும் கேட்பார். பெரியம்மா சொன்னதைச் சித்தியிடம் மூச்சுவிட மாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் லிஃப்ட்காரருக்கு இதுதான் வேலை: காலையில் ஒரு வீடு, மாலையில் இன்னொரு வீடு, இரண்டிலும் காபி. "சொந்தத்துக்குள்ள சண்டை ஆறிடாம பாத்துக்கிறதே அவர்தான் சார். ராசியாப் போறேன்னு வந்த சித்தியையே திருப்பி அனுப்பிட்டாரு" என்று அவருடைய மச்சினர் என்னிடம் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பத்திரிகையில் மனிதர்களைப் பற்றி நல்லதாகவே எழுதி அலுத்துப்போயிருந்த நேரம். விசாரிக்கக் கிளம்பினேன்.

தொலைவில்லை. எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடிக்காரர்தான். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில்; கட்டடத்து லிஃப்ட் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவோம். காக்கிச் சட்டைப் பையில் திருப்புளியும் பேனாவும் ஒன்றாக இருக்கும். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பார். "பயப்படாதீங்க. உங்க தாத்தா என்ன வேலை பாத்தாரு?" என்பார். இரண்டு மாடிகளுக்கு நடுவில் தொங்குகிறவர் பொய் சொல்வதில்லை என்பது அவர் அனுபவம். என் தாத்தாவைப் பற்றியும் அப்படித்தான் கறந்தார். கதவு திறந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். பயத்தில் அழுதேன் என்று இன்றுவரை குடியிருப்பு நம்புகிறது; நானும் மறுக்கவில்லை.

மற்றவர்களின் தாத்தாவைப் பற்றிக் கேட்பது பழக்கதோஷம். அவர் எழுதுவது தன் குடும்ப வரலாற்றை. சாப்பாட்டு மேஜை முழுக்கப் பழைய புகைப்படங்களும் காகிதக் கட்டுகளும். வீட்டார் மடியில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறார்கள். "உயிரோட இருக்கறவங்களுக்கு இங்க இடமில்ல சார். செத்துப்போனாத்தான் மேஜை" என்றார் அவர் மனைவி, எனக்கு ஒரு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டு.

அவருக்கு ஒரு விதி உண்டு. "ஒத்தைக் கயித்த நம்பி ஆள ஏத்தக் கூடாது சார்." எந்தக் கதைக்கும் இரண்டு சாட்சி வேண்டும், அந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசாதவர்களாக இருக்க வேண்டும். ராசியானவர்கள் கூடி உட்கார்ந்து கதைக்குப் பாலிஷ் போட்டுவிடுவார்கள். விரோதிகள் இருவர் ஒன்றையே சொன்னால் அது நடந்திருக்கும். இந்த விதியால், புலியை விரட்டியதாகச் சொல்லப்பட்ட கொள்ளுத்தாத்தா இப்போது ஒரு நாய்க்குப் பயந்து ஓடியவராகியிருக்கிறார். முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு பங்காளி வீடுகளும் நாயைத் தனித்தனியே உறுதிப்படுத்தின.

வதந்தியை நேராகவே கேட்டுவிட்டேன்.

"தடுத்தது நிஜந்தான் சார்" என்றார், முகத்தில் ஒரு வெட்கமும் இல்லாமல். "சேந்துட்டாங்கன்னா பேசி ஒரே கதையாக்கிடுவாங்க. சாட்சி கெட்டுடும்."

விஷயம் இது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது கடும் காய்ச்சல். அம்மா ஏற்கெனவே ஆஸ்பத்திரியில், அப்பா அங்கே. வெளியே கொட்டும் மழை, வண்டி எதுவும் ஓடவில்லை. வீட்டிலிருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி அவரைத் தூக்கிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்தே ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தாள். டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளை இல்லை என்றாராம். தூக்கிப்போனது பெரியம்மாவா, சித்தியா? கேட்டுத் தெரிந்துகொள்ள அப்பா அம்மா இன்று இல்லை. புத்தகத்தில் பாக்கியிருப்பது முதல் பக்கம் மட்டும். அதில் 'இந்த உயிருக்கு நன்றி' என்று எழுதிப் பெயருக்கு இடம் விட்டிருக்கிறார். அடுத்த வாரம் பெரியம்மா மகனோடு வெகு தூரம் போய்விடுகிறார். அதற்குள் உரியவரிடம் நேரில் நன்றி சொல்லிவிட வேண்டும்.

"யாராவது ஒருத்தர் நான்தான்னு சொல்லிட்டா முடிஞ்சுது. பெரியம்மாவக் கேட்டா, 'அவதான்டா தூக்கிட்டு ஓடினா, எனக்குக் கையும் காலும் ஓடல'ங்கிறாங்க. சித்தியக் கேட்டா, 'அக்காதான்டா, நான் பின்னாடி குடை புடிச்சிட்டுப் போனேன்'ங்கிறாங்க."

இரவல் போன தையல் மெஷின் சக்கரம் உடைந்து திரும்பியதிலிருந்து முகம் பார்க்காதவர்கள் இவர்கள். இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் புகழ்ந்துகொண்டிருக்கிறார்கள். எந்தக் குடும்பத்திலும் நான் கேள்விப்படாத அட்டூழியம்.

அந்த ஞாயிறே அவர் மனைவி பொறுமை இழந்து இருவரையும் வரவழைத்துவிட்டார். "புஸ்தகம் முடியறதுக்குள்ள இவங்க முடிஞ்சிடுவாங்க போலிருக்கு" என்று என் காதில் சொன்னார். "கேக்குதுடி" என்றார் பெரியம்மா.

லிஃப்ட்காரர் பேனாவைத் திறந்து, கேள்வியைக் கேட்டார்.

"இவதான்."

"அக்கா, பொய் சொல்லாத. நீதான்."

"பொய்யா? மெஷின் சக்கரத்த உடைச்சிட்டு உடைக்கலன்னு சொன்னவதானே நீ!"

"அத உடைச்சது உன் புருஷன்!"

அவ்வளவுதான். காபி ஆறியது. இருவரும் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மச்சினர் சொன்னது மெய்யாகிவிட்டது, இந்த மனிதர் சொந்தத்துக்குள் சண்டை மூட்டுகிறவரேதான் என்று மனதுக்குள் கட்டுரையின் கடைசி வரியை எழுதிக்கொண்டு நானும் பின்னால் போனேன். லிஃப்டுக்குள் ஆளுக்கொரு மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நாங்கள் வெளியே நிற்க, கதவு மூடியது. லிஃப்ட் இறங்குவதை லிஃப்ட்காரர் காதால் அளந்தார். பிறகு சாவியால் சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து எதையோ தட்டினார். லிஃப்ட் நின்றது.

நான் பின்தொடர, படியில் ஓடி இறங்கி, கதவில் வாய் வைத்து, "பயப்படாதீங்க, விளக்கு எரியும், ஃபேனும் ஓடும். பாத்துக்கிட்டிருக்கேன்" என்றார். அப்படியே படியில் உட்கார்ந்து, முதல் பக்கத்தை முழங்காலில் விரித்தார்.

உள்ளேயிருந்து சித்தியின் குரல்: "அன்னிக்கும் இப்படித்தான் போக வழியில்லாம நின்னோம். நீ பாட்டுக்குத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு இறங்கிட்ட."

"போடி. பாதி வழியில எனக்கு மூச்சு வாங்கிச்சு. புடுங்கிட்டு ஓடினது யாரு?"

"நான் தூக்கினது பாதிதானே?"

"நீ புடிச்ச குடையில நான் நனையவே இல்லடி..."

யார் முதலில் அழுதார்கள் என்று தெரியவில்லை. யார் முதலில் சிரித்தார்கள் என்றும் தெரியவில்லை.

"என்ன சார், திறக்கலையா?" என்றேன்.

அவர் பெயர் எழுதாத பக்கத்தை மடித்து, பேனாவை மூடித் திருப்புளியோடு சட்டைப் பையில் செருகிக்கொண்டு, என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.