நல்ல தண்ணி குடிக்கிற கார்

ஐயாவின் பழைய ஏ-40 காரைப் பற்றி ஊரில் நான் கேட்ட கதைகளை எழுதி வைத்திருந்தால் ஒரு கொப்பி நிரம்பியிருக்கும். "உதுக்குள்ளை அடைகிடக்கிறது கோழியோ, நீயோ?" என்று முன்வீட்டு அக்கா கேட்டதுதான் அதில் எனக்கு மிகவும் பிடித்தது. அவ கேட்டபோது நான் காருக்கடியில் மல்லாந்து கிடந்தேன். கோழி உள்ளே முட்டையிட்டுக்கொண்டிருந்தது. எனவே கேள்வியில் நியாயம் இருந்தது.

எங்கள் தீவில், கரம்பொனில், எங்களைப் பெற்ற ஐயா அந்தக் காரை வாடகைக்கு ஓடியவர். கலியாணம், பிள்ளைப்பேறு, செத்தவீடு எல்லாவற்றுக்கும் அது போய் வந்தது. நாங்கள் இடம்பெயர்ந்து, பல வருசம் கழித்துத் திரும்பியபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. காருக்குச் சில்லு இல்லை, சீற் இல்லை, கண்ணாடி இல்லை. எஞ்சின் மட்டும் இருந்தது. களவெடுத்தவனுக்கு அதைத் தூக்க ஏலாமல் போயிருக்க வேண்டும். தூக்க முடியாததைப் போட்டுவிட்டுப் போனானே, அன்றிலிருந்து அந்த எஞ்சினில் எனக்கு ஒரு மரியாதை.

அந்த எஞ்சினைத்தான் கழற்றி எறியப் போவதாக அண்ணை கனடாவிலிருந்து சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாண மண்டபக்காரர் பழைய கார் ஒன்று தேடுகிறாராம். உள்ளே எல்லாவற்றையும் வெட்டியெடுத்துவிட்டு, பூச்சாடி வைத்து வாசலில் நிறுத்தினால் மாப்பிள்ளையும் பொம்பிளையும் சாய்ந்து நின்று படம் எடுப்பார்களாம். அண்ணை அவருக்கு ஓம் சொல்லிவிட்டார். கார் எங்கள் இருவருக்கும் பொது. நான் இல்லை என்றேன். அண்ணை சிரித்தார். ஐயா போனபிறகு அதை யார் ஓடினது என்று கேட்டார். வேண்டுமென்றால் எனக்கு ஒரு ஓட்டோ வாங்கித் தருகிறாராம்.

"எனக்கு ஓட்டோ வேண்டாம்."

"அப்ப ஒண்டு செய். ஆவணியிலை வாறன். உந்தக் காரிலை யாழ்ப்பாணம் றெயில் ஸ்ரேசனுக்கு வந்து என்னை ஏத்திக்கொண்டு வீட்டை போ பாப்பம். போனியெண்டா கார் உனக்கு. இல்லாட்டி மண்டபத்துக்கு."

"சரி அண்ணை. ஒரு குடையும் கொண்டுவாங்கோ. கார்க் கூரை ஒழுகுது."

வாய் சொல்லிவிட்டது. கைதான் யோசித்தது. நான் ஆடு வளர்க்கிறவள், தையல்காரி. தைக்கத் தெரிந்தவளுக்குச் சீற் ஒரு பெரிய வேலையில்லை. இடம்பெயர்ந்த காலத்தில் கூடாரத்துக்குத் தந்த நீலத் தறப்பாளை வெட்டி உறை தைத்தேன். உள்ளே தென்னந்தும்பு அடைத்தேன். நிலத்தகடு உப்புக் காற்றில் உளுத்துப்போய், ஏறி இருந்தால் றோட்டுத் தெரிந்தது. தார்ப் பீப்பா ஒன்றைப் பிளந்து தட்டி அடியில் ஒட்டுவித்தேன். விலைபோன இரண்டு கிடாய்கள் ரயரோடு நான்கு சில்லுகளாகின.

எஞ்சினுக்கு வேலணையில் ஒருவரைப் பிடித்தேன். இரண்டு சில்லு ரைக்ரர் திருத்துகிறவர். கார் தனக்குத் தெரியாது என்று முதலே சொல்லிவிட்டார். "எண்டாலும் தங்கச்சி, உது இன்னும் ரெண்டு சில்லுக் கூடின ரைக்ரர்தானே" என்று அடுத்த மூச்சிலேயே மூடியைத் திறந்தார். அவருடைய கூலிக்கு ஈடாக அந்த வீட்டுத் தையல் முழுவதும் என் தலையில் வந்தது. இன்னும் முடியவில்லை.

ஆடி மாதத்தில் எஞ்சின் உயிர் பெற்றது. முன்னால் கம்பியை விட்டுச் சுற்றினால் இருமி, துப்பி, பிறகு ஓடும். பத்திரங்களையும் எடுத்து முடித்து ஒரு நாள் யாழ்ப்பாணம் நோக்கி விட்டேன். சோளகக் காற்று முதுகில் தள்ள, அல்லைப்பிட்டி தாண்டும்வரை ராசாத்தி போல வந்தது. பண்ணைக் கடலுக்கு நடுவே போகிற றோட்டில் பாதித் தூரம் போனதும் முன்பக்கத்தால் ஆவி கிளம்பியது. பக்கத்தில் வந்த பஸ்காரர் வேகத்தைக் குறைத்து, "அக்கா, தேத்தண்ணி கொதிச்சிட்டுது, இறக்குங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். பஸ் முழுக்கச் சிரித்தது. லொறி ஒன்றில் கட்டி இழுத்துத்தான் வேலணைக்குக் கொண்டுபோனேன்.

ரைக்ரர் திருத்துகிறவர் றேடியேற்றரைக் கழற்றிக் குழாயைத் தட்டினார். வெள்ளை வெள்ளையாக உப்புக் கொட்டியது.

"என்ன தண்ணி ஊத்தினனீர்?"

"எங்கடை கிணத்துத் தண்ணி."

"அதிலை சோறு வைப்பீரோ?"

"சவர்த் தண்ணியிலை ஆர் சோறு வைக்கிறது?"

அவர் கையிலிருந்த உப்பை என் கையில் கொட்டினார். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணியை வாயில் வைக்காத நான், ஒவ்வொரு நாளும் அதைக் காருக்குப் பருக்கியிருக்கிறேன். காரைக் கழுவியதும் அதில்தான். கழுவக் கழுவத் தகட்டைத் தின்கிற கறள் ஏன் கூடுகிறது என்று வேறு யோசித்துக்கொண்டிருந்தேன்.

புது றேடியேற்றருக்கு வழியில்லை. குத்துவிளக்கு மினுக்குகிற பழப்புளியைக் கரைத்து உள்ளே ஊற்றி மூன்று நாள் வைத்து அலசினோம். அலசியது தண்ணிப் பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணியில். அதன்பிறகு காரும் நல்ல தண்ணிதான் குடித்தது. பவுசர் கிழமையில் இரண்டு தரம் வரும். வரிசையில் நான் குடத்தோடு நிற்கும்போதே முன்வீட்டு அக்கா பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னா, மனுசருக்கு வாய் நனைக்கத் தண்ணி இல்லை, இவவின்ரை காருக்கு அபிஷேகம் நடக்குது என்று. நான் திரும்பி, என் பங்கில்தான் கொடுக்கிறேன், அதற்காகக் கூடுதலாக ஒரு குடம் கேட்கவில்லை என்றேன். உண்மையும் அதுதான். அந்த மாதம் நாளின் இரண்டாவது தேத்தண்ணியைக் குடிக்காமல் விட்டேன்.

அண்ணை வருகிற காலை, என் வேலிப் படலையடியில் ஒரு பிளாஸ்ரிக் கான் நிறைய நல்ல தண்ணி இருந்தது. முன்வீட்டு அக்கா தன் படலையில் நின்றபடி, "வழியிலை நிண்டு ஊரின்ரை மானத்தை வாங்காதை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டா.

போகும்போது இரண்டு இடத்தில் நிறுத்தி ஊற்றினேன். அதில் கான் முடிந்தது. யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் அண்ணை வெளியே வந்து, காரைப் பார்த்து, என்னைப் பார்த்து, பிறகு நீலச் சீற்றைப் பார்த்தார். கம்பியைச் சுற்றப் போனேன். நின்ற ஓட்டோக்காரர் தள்ளவோ என்று கேட்டார். "நீங்கள் தள்ளி நிண்டால் காணும்" என்றேன். மூன்றாவது சுற்றில் பிடித்தது.

இரண்டு பெரிய சூட்கேஸ், மத்தியான வெயில், நகரத்துக்குள் நின்று நின்று வந்த சூடு. பண்ணைக் கடலில் அதே இடத்தில் மறுபடி ஆவி.

"சொன்னனான்தானே," என்றார் அண்ணை. குரலில் ஒரு குளிர்ச்சி.

மூடியைத் திறந்து ஆறவிட்டேன். கான் காலி. போன மாதம் சிரித்துக்கொண்டு போன பஸ்காரர்கள் இன்றும் வருவார்கள். அண்ணை சுற்றிப் பார்த்து, "ரெண்டு பக்கமும் கடல் கிடக்கு. அள்ளி ஊத்தன்" என்றார்.

"நீங்கள் அதைக் குடிப்பீங்களோ?"

"நானேன் குடிக்கிறன்?"

"அப்ப இதுவும் குடியாது. உங்கடை போத்தலைத் தாங்கோ."

கொழும்பில் வாங்கிய பெரிய போத்தல். ஒரு மிடறுதான் குறைந்திருந்தது. அண்ணை அதைப் பார்த்தார். வெயில் அவருடைய தலையில் சரியாக இறங்கிக்கொண்டிருந்தது. மற்றக் கையில் குடை இருந்தது, உண்மையாகவே கொண்டுவந்திருந்தார். போத்தலைத் தந்துவிட்டுக் குடையை விரித்தார். முழுவதையும் ஊற்றினேன். கார் இருமி, துப்பி, ஓடியது. சோளகம் இப்போது முகத்துக்கு அடித்து எஞ்சினை ஆற்றியது.

வேலணை தாண்டும்போது அவருடைய தொலைபேசி அடித்தது. மண்டபக்காரர்.

"இல்லைத் தம்பி," என்றார் அண்ணை, எஞ்சின் சத்தத்தில் கேட்காமல் கத்திக்கொண்டு. "அது ஓடுற கார். தரேலாது." பிறகு என் பக்கம் திரும்பாமல், சீற்றில் தும்பு குத்துகிறது என்றார்.

வீட்டு வாசலில் இறங்கியதும் முதலில் தண்ணி கேட்டார். பவுசர் நாளைக்குத்தான் வரும் என்றேன். காருக்கென்று எடுத்து வைத்திருந்ததில் ஒரு செம்பு கொடுத்தேன்.