குளிரவிடாமல் கொண்டுபோனது

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அழகுமுத்துவைத் தெரியாதவர் இல்லை. பெக்டரியில் தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். ஊரே கம்பளியும் தொப்பியுமாக நடுங்கும் மாதத்திலும் பெனியனோடு திரிவான். "நமக்கு ஒடம்புலயே நெருப்புங்க" என்று மார்தட்டுவான். அந்த நெருப்பு அவனுக்கே ஆகாது என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பான்.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன, பிள்ளை இல்லை. அதற்குப் பதில் சொல்லும் வேலை முழுவதும் அவன் மனைவி ஷாமிலாவின் தலையில் விழுந்தது. கொழுந்து பறிக்கும் மலையிலும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியிலும் அவளைத்தான் கேட்டார்கள். அவள்தான் விரதமிருந்தாள், ரத்தம் கொடுத்தாள், ஸ்கேன் எடுத்தாள். வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வளைகாப்பு என்றால் அவளைக் கூப்பிட மறந்துவிடுவார்கள். பாத்திரம் கழுவ மட்டும் ஞாபகம் வந்துவிடும். அழகுமுத்து இதையெல்லாம் பார்த்துப் பெருமூச்சு விடுவான். பிறகு நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான். ஆம்பளைக்கு இதில் என்ன வேலை என்பது அவன் கட்சி.

கடைசியில் தலவாக்கலையில் ஒரு லேடி டொக்டர் ஷாமிலாவின் ரிப்போர்ட்டுகளை மூடிவைத்துவிட்டு, "ஒங்ககிட்ட ஒரு கொறையும் இல்லம்மா. இனி ஐயாவப் பாப்போம்" என்றார்.

ஐயாவுக்கு அன்றைக்கே முதுகுவலி வந்தது. அடுத்த வாரம் பெக்டரியில் வேலை அதிகம். அதற்கடுத்த வாரம் அமாவாசை. ஷாமிலா சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்து, "நீங்க போகலன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மறுநாளே அவன் கிளினிக்குக்குப் போய் சின்னப் போத்தலொன்றை வாங்கிவந்தான்.

அங்கே விந்து பரிசோதிக்கும் மெரினா என்ற பெண் எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொன்னாள். வீட்டிலேயே எடுக்கலாம், குளிரவிடக்கூடாது, சட்டைக்குள் உடம்போடு ஒட்டவைத்துச் சீக்கிரம் கொண்டுவர வேண்டும். வெட்கத்தில் தலையைத் தொங்கப்போட்டிருந்த அழகுமுத்துவின் மண்டையில் குளிரவிடக்கூடாது என்பது மட்டும்தான் ஏறியது.

குளிரவிடாமல் வைப்பது அவன் தொழில்தானே! பக்கத்து வீட்டுக்காரரின் இருமல்கூடக் கேட்கும் லயத்துக் காம்பரா அறைக்குள், ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு, படாதபாடு பட்டுக் காரியத்தை முடித்தான். வாயகன்ற பிளாஸ்க்கில் கொதிதண்ணீர் ஊற்றி, போத்தலை இறுக மூடி அதற்குள் இறக்கினான். பெருமையோடு பஸ் ஏறினான்.

அடுத்த லயத்துச் சின்னராசா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் கண் நேராகப் பிளாஸ்க்குக்குப் போனது.

"என்னா மாப்ள, டீயா? ஒரு வாய் ஊத்து. குளுரு கொல்லுது."

"டீ இல்ல மாமா. கஷாயம்."

"அப்ப நல்லதாப் போச்சு. எனக்கும் நெஞ்செல்லாம் சளி. குடு, குடு."

மூடியில் கையே வைத்துவிட்டார். அழகுமுத்து பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு, "இது எனக்குன்னே காச்சினது மாமா!" என்று அலறினான். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கஷாயத்தில்கூடவா கஞ்சத்தனம் என்று சின்னராசா தலவாக்கலை வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிளினிக்கில் மெரினா பிளாஸ்க்கைத் திறந்தாள். ஆவி பறந்தது.

"என்னா அண்ணே இது, அவிச்சுல்ல கொண்டாந்திருக்கீங்க!"

பரிசோதித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுகூட உயிரோடு இல்லை என்றாள். இத்தனை நாள் மார்தட்டியதெல்லாம் பொய்யாகிப்போனதே என்று அழகுமுத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். "அது ஒங்க கொற இல்லண்ணே, சுடுதண்ணி செஞ்ச வேல" என்று தேற்றி, சில நாள் கழித்து வந்து கிளினிக்கிலேயே எடுத்துக் கொடுக்கச் சொல்லி அனுப்பினாள்.

இரண்டாம் முறை சொன்னபடி செய்தான். டொக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உசுரோட இருக்கு. ஆனா ரொம்பக் கொறவு. வருஷக்கணக்கா நெருப்புக்கு முன்னாலயா நிக்கிறீங்க? அந்த எடத்துக்குச் சூடு ஆகாதுங்க. அது காரணமா இருக்கலாம். கொஞ்ச மாசம் வெளி வேல செய்யுங்க, சிகரெட்ட விடுங்க. திரும்பச் சோதிச்சுப் பாப்போம்."

வீட்டுக்கு வந்து ஷாமிலாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னான், பெக்டரியை விட்டு மலை வேலைக்கு மாறப்போவதையும். அவள் திட்டவில்லை.

"ஏன் மலைக்கு மாறினீங்கன்னு கேட்டா முதுகுவலின்னு சொல்லிருங்க. நாலு பேரு ஒங்களப் பேசக் கூடாது. எனக்குப் பழகிப்போச்சு."

அடுப்பு சுடாத சூடு அந்த ஒரு வார்த்தையில் சுட்டது. எதற்கெல்லாம் அவள் பழகிப்போனாள், அப்போதெல்லாம் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மலை வேலையின் முதல் நாள் காலை, எல்லாரும் கூடி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அவன் மண்வெட்டியோடு நின்றான். கங்காணி ஆண்டியப்பன் விடுவாரா?

"என்னாப்பா, ஒடம்புல நெருப்பு அணைஞ்சு போச்சா? பெக்டரிய விட்டுட்டு இங்க வந்து நிக்கிற?"

ஆண்கள் சிரித்தார்கள். சின்னராசா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். முதுகுவலி அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பெண்கள் வரிசையில் ஷாமிலா யாரையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"டொக்டர் நெருப்புகிட்ட நிக்கவேணாம்னு சொல்லிட்டாங்க" என்றான். "புள்ள இல்லாததுக்குக் கொற என்கிட்டத்தான். ஷாமிலாகிட்ட ஒண்ணுமே இல்ல."

சிரிப்பு நின்றது. ஆண்டியப்பன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்தார். ஷாமிலா நிமிர்ந்தாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றாள். "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

அழகுமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னான்.