பலகையில் ஏறிய பொடி எழுத்து

ஒரு வரி எழுதி முடித்ததும் வில்பிரட் சாக்கட்டியை விரலிடுக்கில் வைத்தபடியே திரும்பிப் பார்ப்பார். பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரி. துறைமுகத்துக் கூலிக் கொட்டகைக்கு எதிரே சுக்குக்காப்பிக் கடை போட்டிருந்த வடிவம்மாள் இதை வருஷக்கணக்காகப் பார்த்துவந்தாள். கள்ளமில்லாதவர் எதற்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்? யாரிடமும் கேட்டதில்லை. காப்பியை மட்டும் ஊற்றிக் கொடுத்தாள்.

எழுபத்தொன்றில் தூத்துக்குடிக்கு வரும் கப்பல்கள் கரையைத் தொடுவதில்லை. கடலுக்குள் வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு இறக்கும் ஆட்கள் லாஞ்சில் ஏறிப் போக வேண்டும். எந்தெந்தக் கப்பலுக்கு லாஞ்சு போகிறது என்று வில்பிரட் தினமும் விடிகாலையில் பலகையில் இங்கிலீஷில் எழுதுவார். ஒரு கப்பலில் முதலில் இறங்கிய கூட்டத்துக்குத்தான் அது காலியாகும்வரை வேலை. புதுக் கப்பல் வந்தால் முறைப்படி அடுத்த கூட்டத்துக்கு. முறை தவறி அடுத்தவன் கப்பலில் கால் வைத்தால் அந்த மாதம் முழுக்க வேலை கிடையாது, பட்டினிதான்.

வடிவம்மாளின் புருஷன் இசக்கியப்பன் ஒரு கூட்டத்துக்கு மேஸ்திரி. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து, மழை பொய்த்த ஒரு வருஷம் பிழைக்க வந்தவர். அவருக்கோ ஆட்களுக்கோ இங்கிலீஷ் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வில்பிரட் எல்லாப் பெயரையும் பெரிய எழுத்திலேயே எழுதுவார். அந்த எழுத்துகளின் உருவம் அவர்களுக்குப் பழகியிருந்தது. அப்போது அவர்கள் கோதுமை இறக்கிக்கொண்டிருந்த ‘அதீனா’வின் பெயர் ஒரு கூரையில் தொடங்கும். அப்புறம் கம்பம், ஏணி, சீப்பு. முடிவிலும் ஒரு கூரை. அதனால் அது கூரைக் கப்பல். மனுவேல் மேஸ்திரியின் கூட்டத்துக்கு அப்போது, பெயரின் நடுவில் இரண்டு சீப்பு நிற்கும் சீப்புக் கப்பல்.

புது ஆபீசர் வந்த வாரம். ஒரு சாயங்காலம் அவர் வில்பிரட்டைக் கொட்டகைக்குப் பின்னால் கூப்பிட்டுப் பேசுவதை வடிவம்மாள் கண்டாள். ஆபீசர் தன் உள்ளங்கையில் விரலால் ஏதோ கிறுக்கிக் காட்டினார். வில்பிரட் தலையாட்டினார். பேச்சு அவள் காதில் விழவில்லை.

மறுநாள் காலையில் இசக்கியப்பன் பலகை முன்னால் நின்றவர் அப்படியே நின்றார்.

“ஏளா, இங்கன வா. நம்ம கப்பலைக் காணுமே.”

வடிவம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். “முன்னால கூரை இருக்கு. பின்னால கூரையைக் காணும். சீப்பையும் காணும்.”

“அப்ப இது வேற கப்பலு.”

“பாதிக் கோதுமை அடித்தட்டுல கெடக்குன்னு நேத்துத்தான சொன்னிய? அதுக்குள்ள கப்பலு எங்கன போவும்? பேரை மாத்திப்புட்டாவ. புதுக் கப்பல்னு சொல்லி மனுவேலுக்குத் தள்ளிவிடப் பாக்காவ. வில்பிரட்டும் அவனும் ஒரே தெரு, ஒரே கோயிலு.”

பலகையில் சாத்தியிருந்த ஏணியிலிருந்து வில்பிரட் இறங்கி வந்தார். “அண்ணாச்சி, அதே அதீனாதான். தலைப்பானாலும் பேரானாலும் முதல் எழுத்தை மட்டும் பெரிசாப் போடு, மிச்சம் பொடி எழுத்துல இருக்கட்டும்னு ஆபீசர் சொல்லியிருக்காரு. படிக்க லேசாம். எழுத்துத்தான்வே மாறியிருக்கு, கப்பலு மாறல.”

“நீரு கழுதைன்னு எழுதிக் குதிரைன்னு வாசிப்பீரு. நாங்க ஏறி உக்காரணுமாக்கும்!” என்றார் இசக்கியப்பன்.

கூட்டம் சிரித்தது. வில்பிரட் சிரிக்கவில்லை. அந்த முகமே வடிவம்மாளுக்குப் போதுமானதாக இருந்தது. கடையில் சத்தம் போட்டே அறியாதவள் சத்தம் போட்டாள்: “நேத்துச் சாயங்காலம் பின்னால நின்னு ஆபீசர்ட்ட உள்ளங்கையில என்னத்த வாங்குனாருன்னு கேளுங்க!”

அவர் எதையும் வாங்கியதை அவள் பார்க்கவில்லை. ஆனால் சொல் வாயைவிட்டுப் போய்விட்டது.

அதற்குள் மனுவேல் தன் ஆட்களோடு வந்து விழுந்தான். “ஏலே இசக்கி! எங்க சீப்புக் கப்பலை முழுங்கிட்டு இங்கன நாயம் பேசுதியோ? பலகையில ஒரு சீப்பு இல்ல! ஒன் பொஞ்சாதி கடையில வில்பிரட் தெனமும் ஓசிக் காப்பி குடிச்சது இதுக்குத்தானா?”

“ஓசியா? எங்கடையில ஆவி பிடிச்சாலும் துட்டுவே!” என்றாள் வடிவம்மாள்.

லாஞ்சு ஓட்டும் மரியான் சங்கு ஊதினான். “அதீனா போறவன்லாம் ஏறுங்கடே!” பெயர் காதில் விழத்தான் செய்தது. ஆனால் மரியானும் வில்பிரட்டின் தெருக்காரன். இசக்கியப்பனின் கால் நகரவில்லை. ஏறி, அது வேறு கப்பலாக இருந்துவிட்டால் மாதம் போச்சு. மனுவேலுக்கும் அதே பயம். இவன் ஏறிவிடாதபடி அவனும், அவன் ஏறிவிடாதபடி இவனும் காவல் நின்றார்கள். பொறுத்துப் பார்த்த ஆபீசர், கப்பல் கிடைக்காமல் உட்கார்ந்திருந்த வெளியாட்களை இரண்டு கப்பலுக்கும் ஏற்றி அனுப்பிவிட்டார்.

பொழுது சாயும்போது அதீனாவுக்குப் போன வெளியாட்கள் உடம்பெல்லாம் கோதுமைத் தூசியோடு திரும்பினார்கள். ஒருவன் இசக்கியப்பனிடம் ஒரு துண்டைக் கொடுத்தான். “அடித்தட்டு ஏணியில தொங்குச்சு. ஒம்மதான?”

முந்தின நாள் அவர் மறந்துவிட்டு வந்த துண்டு. ஓரத்தில் பீடி சுட்ட ஓட்டைகூட அப்படியே இருந்தது.

“துண்டையும் அவங்களே கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம்” என்றாள் வடிவம்மாள்.

“வாயை மூடுளா” என்றார் இசக்கியப்பன். அவ்வளவு மெதுவாக அவர் அதட்டி அவள் கேட்டதில்லை.

வேலைக்கு வராத கூட்டத்துக்குக் கப்பலில் பாத்தியதை இல்லை. அதீனா போனது போனதுதான். மனுவேலின் கப்பலும் போயிற்று. உள்ளங்கைப் பேச்சு ஆபீசர் காதுக்கும் எட்டியது. தன் பெயரும் அதில் அடிபட்டதால் அவர் விசாரணை ஒன்றும் வைக்கவில்லை. வில்பிரட்டை உப்புக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்.

புதுத் துறைமுகம் வந்த பிறகும் பலகை இருக்கிறது. தேவபிரசாதம் என்பவர் எழுதுகிறார். முதல் எழுத்து பெரிசு, மற்றதெல்லாம் பொடி. ஆட்கள் அதற்கும் பழகிக்கொண்டார்கள். இசக்கியப்பன் வேலைக்குப் போய்வருகிறார். வில்பிரட் உப்பு மூட்டை எடை போடுகிறார். வடிவம்மாளின் கடைப்பக்கம் அவர் வருவதில்லை, அவளும் கூப்பிட்டதில்லை.