பத்துக் கிலோமீற்றர் ஓடப்போய் வெள்ள முகாமில் பெயர் பதிந்த கதை

மாரி காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஓட்டப்போட்டிக்குப் போக நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டு ரயில் சீட்டு எடுங்கள். நான் போன கார்த்திகையில் போனேன். போட்டி நடக்கவில்லை. அதை உறுதியாக அறிந்துகொள்ளவே எனக்கு ஒரு முழுநாள் பிடித்தது.

நான் பெரிய ஓட்டக்காரி இல்லை. வெள்ளவத்தைக் கடற்கரையில் வாரத்துக்கு மூன்று நாள் மூச்சிரைக்க ஓடுகிற, தனியாக வாழும் நாற்பத்தாறு வயதுப் பெண். பத்துக் கிலோமீற்றருக்குப் பெயர் கொடுத்த காரணம் வேறு. போட்டிக்காரர்களின் பட்டியலில் என் தம்பி குகனின் பெயரைக் கண்டேன். மூன்று வருடமாக அவன் என்னோடு கதைப்பதில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிந்தி வந்தவனிடம், அத்தனை சனத்துக்கு முன்னால், "நீ வராமலே இருந்திருக்கலாம்" என்று சொன்னவள் நான்தான். பிழை என்னுடையது. அதன்பிறகு தொலைபேசியில் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டான். ஓட்டம் தொடங்கும் இடத்தில் முகத்துக்கு நேரே போய் நின்றால் எங்கே ஒளிவான் என்று நினைத்தேன். பட்டியலில் என் பெயரை அவன் கண்டானா என்பது தெரியாது.

போட்டி ஞாயிறு காலை. நெஞ்சில் குத்தும் இலக்கத் துணியைச் சனி மாலை ஐந்து மணிக்குள் யாழ்ப்பாணத்தில் கொழும்புத்துறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எடுக்கவேண்டும். சனி விடிய 5.45 ரயிலில் கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறினேன். 9.50க்கு ஒரு குறுஞ்செய்தி: போட்டி ஒத்திவைப்பு. 10.40க்கு இன்னொன்று: முந்திய செய்தியைப் பொருட்படுத்த வேண்டாம். கிளிநொச்சி தாண்டியதும் மூன்றாவது: வெள்ளம் காரணமாகப் போட்டி இரத்து, இலக்கத் துணிகள் வழமைபோல் வழங்கப்படும். இரத்தான போட்டிக்கு இலக்கம் எதற்கு? கேட்டு எழுதுவதற்குள் சிக்னல் போய்விட்டது. குகன் வவுனியாவில் இருக்கிறான். புறப்பட்டிருப்பானா, திரும்பியிருப்பானா, ஒன்றும் விளங்கவில்லை.

1.15க்குக் கொடிகாமத்தில் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். தண்டவாளத்தில் தண்ணீராம். திரும்பிப் போகவும் வழியில்லை. சந்தை வாசலில் ஓட்டோ பிடித்தேன். இருபத்தைந்து கிலோமீற்றருக்கு நாலாயிரம் ரூபாய். ஓட்டுநருக்கு அறுபது வயதிருக்கும்.

"அண்ணை, நாளைக்கு ஓட்டம் நடக்குமோ?"

"என்ன ஓட்டம் பிள்ளை? சனம் வீடு வாசலை விட்டிட்டு நிக்குது."

"பாதை திறந்திருக்கோ?"

"ஓம்."

கைதடிக்குக் கிட்ட ஓட்டோவுக்குள் தண்ணீர் வந்து என் கால் நனைந்தது. "திறந்திருக்கெண்டு சொன்னியள்?" என்றேன்.

"ஓம், திறந்துதான் கிடக்கு. தண்ணியும் நிக்குது," என்றார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

4.20க்குப் பள்ளிக்கூடம். வாசலில் ஒரு மேசை, தடித்த பதிவேடு, நீண்ட வரிசை. எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். குழந்தைகளும் சட்டி பானைகளும்கூட வரிசையில் நின்றது எனக்கு விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனாலும் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றேன். மேசையில் இருந்த இளம்பெண் நிமிராமலே கேட்டாள்.

"பேர்? தகப்பன்ரை பேர்?"

சொன்னேன்.

"சொந்த ஊர்?"

"உடுவில்."

"குடும்பத்திலை எத்தினை பேர்?"

ஓடுகிறவளிடம் இதை ஏன் கேட்கிறாள்? சாப்பாட்டுப் பொதிக்காக இருக்கும் என்று நினைத்து, "ஒராள்தான்" என்றேன். எழுதிவிட்டு, "வீட்டுக்குள்ளை எவ்வளவு தண்ணி?" என்றாள். அப்போதுதான் உறைத்தது. அவள் அந்தப் பகுதி விதானையார், அரசாங்கத்தின் கிராம அலுவலர். அது இடம்பெயர்ந்தவர்களின் பதிவு. பள்ளிக்கூடம் காலையிலேயே வெள்ள முகாமாகிவிட்டது. போட்டி நடத்துகிறவர்கள் ஒருவரும் அங்கில்லை.

நான் தடுமாறி மன்னிப்புக் கேட்க, அவள் சிரித்தாள். "காலமை வந்த ஒருத்தரும் உங்களைப்போலைதான் அக்கா, ஓட்டத்துக்கெண்டு நினைச்சுப் பதிஞ்சவர். அவரும் உடுவில்தான்." பக்கத்தைப் புரட்டியவள் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "தகப்பன்ரை பேரும் இதுதானே. ரெண்டு பேர் எண்டு போட்டவர். மற்ற ஆளெங்கை எண்டு கேட்டன். அக்கா வருவா எண்டவர்."

வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நான் சொன்னதை வெட்டுங்கோ தங்கச்சி," என்று மட்டும் கேட்டேன்.

குகன் பின்கட்டில் பெரிய கிடாரத்தில் பருப்புக் கிண்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அகப்பையை விடாமலே, "ரெயில் எங்கை நிண்டது?" என்றான். "கொடிகாமத்திலை," என்றேன். "வெங்காயம் கிடக்கு, உரி," என்றான். நூற்றிருபது பேருக்குச் சமைத்தோம். அவன் என்னை மன்னித்துவிட்டானா என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது. நான் கேட்கவுமில்லை.

இனிப் போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ் திங்கள் மதியம்தான் கிடைத்தது, ஒருநாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லையென்றால் வங்கி இயந்திரமும் இல்லை, கையில் காசு வேண்டும். சப்பாத்தைப் பையில் போட்டு றப்பர் செருப்போடு இறங்குங்கள். மேசையைக் கண்டவுடன் வரிசையில் நிற்காமல் அது எதற்கான வரிசை என்று கேளுங்கள். ஒருவேளை குடும்பத்தில் எத்தனை பேர் என்று அங்கே உங்களைக் கேட்டால், கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். நான் யோசிக்கவில்லை.